49 அடி என்றார்கள்: ஒரு பனிக்காலம், ஒரு ஆறு, ஒரு தப்பான எண்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன மாசம் ஆபீஸ்ல ஒரு வேலைக்கு எவ்வளவு நாள் ஆகும்னு கேட்டாங்க. "மூணு நாள்"னு சொன்னேன். எட்டு நாள் ஆச்சு. என் மனசுக்குள்ள அது "எல்லாம் ஒழுங்கா போனா மூணு, இல்லன்னா ஒரு வாரத்துக்கு மேல". ஆனா வாயிலிருந்து வந்தது மூணு மட்டும்தான். அந்த மூணை வச்சு இன்னொரு டீம் அவங்க வேலையைத் திட்டமிட்டுட்டாங்க. கடைசியில் அவங்க ராத்திரி உட்கார வேண்டியதாயிடுச்சு.

ஒரு எண் சொல்லும்போது அதோட சேர்ந்து வர வேண்டிய "ஏறக்குறைய" வழியிலேயே தொலைஞ்சு போகும். என் விஷயத்தில் நாலு பேர் தூக்கம் போச்சு, அவ்வளவுதான். இதே தப்பு ஒரு ஊருக்கே நடந்த கதையைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

இடம், அமெரிக்காவின் வடக்கு எல்லையில் இருக்கிற நார்த் டகோட்டா மாநிலத்தின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரம். ரெட் ரிவர் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது. எதிர்க்கரையில் மினசோட்டா மாநிலத்தின் ஈஸ்ட் கிராண்ட் ஃபோர்க்ஸ். வருஷம் 1997.

வடக்கே ஓடும் ஆறு

நமக்கு வெள்ளம்னா மழை. அந்த ஊரில் வெள்ளத்துக்கான தண்ணீர் ஐந்து மாசம் முன்னாடியே வந்து சேர்ந்துவிடும், பனியாக. நவம்பரிலிருந்து விழும் பனி உருகாமல் அப்படியே நிலத்தின் மேல் கிடக்கும். சராசரியாக பத்து அங்குலப் பனி உருகினால் ஒரு அங்குலத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, பனிக்காலம் முழுக்க வயல்களின் மேல் ஒரு பெரிய டேங்க் மெதுவாக நிரம்பிக்கொண்டே இருக்கிறது. ஏப்ரலில் அது திறக்கும்.

திறக்கும்போது மூணு சிக்கல் ஒண்ணா சேருது.

முதலாவது, ரெட் ரிவர் தெற்கிலிருந்து வடக்கே ஓடி, எல்லை தாண்டி, கனடாவின் வினிபெக் ஏரியில் கலக்கிறது. வெயில் காலம் தெற்கில்தான் முதலில் வரும். அதனால் ஆற்றின் மேல்பகுதியில் பனி உருகித் தண்ணீர் கிளம்பும் நேரத்தில், கீழ்ப்பகுதி இன்னும் உறைந்தே கிடக்கும். உடைந்து வரும் பனிப்பாளங்கள் வளைவுகளிலும் பாலங்களின் தூண்களிலும் சிக்கி, ஆற்றை அடைத்துக்கொள்ளும். பின்னால் வரும் தண்ணீர் ஏறும்.

இரண்டாவது, நிலம் உறைந்திருக்கிறது. தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடுகிறது. அதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில் மண் ஈரமாக இருந்து அப்படியே உறைந்திருந்தால், சிமெண்ட் தரை மாதிரிதான்.

மூணாவது, சமதளம். கடைசிப் பனியுகத்தின் முடிவில் உருகிய பனிப்பாறைகளின் தண்ணீர் தேங்கி, அகாஸிஸ் என்ற பிரம்மாண்டமான ஏரி அங்கே இருந்தது. அந்த ஏரியின் அடித்தளம்தான் இன்றைய ரெட் ரிவர் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கு என்றதும் இரண்டு பக்கமும் மலை இருக்கும் என்று நினைக்க வேண்டாம். மேஜை மாதிரி தட்டை. ஆற்றின் சரிவு ஒரு மைலுக்கு ஒரு அடி கூட இல்லை. கரையை மீறும் தண்ணீருக்கு எங்கே போவது என்றே தெரியாது, எல்லாப் பக்கமும் போகும்.

எட்டு பனிப்புயல்கள்

பனிப்புயல் என்று எதைச் சொல்வது என்பதற்கு அமெரிக்க வானிலைத் துறை ஒரு வரையறை வைத்திருக்கிறது. மணிக்கு 56 கிலோமீட்டருக்கு மேல் காற்று, கால் மைலுக்குக் கீழே பார்வைத் தூரம், இந்த நிலை குறைந்தது மூணு மணி நேரம் நீடிக்க வேண்டும். அதாவது கார் ஓட்டும்போது ரோடு எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எல்லாமே வெள்ளை.

1996-97 பனிக்காலத்தில் இந்த மாதிரி எட்டுப் புயல்கள் வந்தன. உள்ளூர் நாளிதழான கிராண்ட் ஃபோர்க்ஸ் ஹெரால்ட் அவற்றுக்கு அகரவரிசையில் பெயர் வைத்தது. எட்டாவது எழுத்து ஹெச். ஏப்ரல் 5, 6 தேதிகளில் வந்த அந்தக் கடைசிப் புயலுக்குப் பெயர் ஹன்னா.

ஹன்னா வந்த நேரத்தைப் பாருங்கள். பனி உருக ஆரம்பித்துவிட்டது, ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது, மக்கள் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது முதலில் மழை, அந்த மழையே பனிக்கட்டியாக உறைந்தது, அதன் மேல் பனி. பனிக்கட்டி படிந்த பாரம் தாங்காமல் மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. வெள்ளத்துக்குத் தயாராகும் ஊரில் கரண்ட் இல்லை. வீட்டு பேஸ்மென்ட்டில் ஊறும் தண்ணீரை வெளியேற்றும் மோட்டாரும் ஓடாது. மேலே சொன்ன டேங்கில், திறக்கிற நேரத்தில் இன்னொரு லோடு தண்ணீர் ஊற்றின மாதிரி ஆயிடுச்சு.

49 எங்கிருந்து வந்தது?

இப்போ அந்த எண்ணுக்கு வருவோம். பிப்ரவரி மாதத்திலேயே வானிலைத் துறை கணிப்பு வெளியிட்டது. இனிமேல் பனியோ மழையோ பெய்யாவிட்டால் ஆற்றின் உச்சம் 47.5 அடி. வழக்கமான அளவுக்குப் பெய்தால் 49 அடி. இது ஆற்றின் ஆழம் இல்லை, கரையில் இருக்கும் அளவுகோல் காட்டும் உயரம். அந்த அளவுகோலில் 28 அடி வந்தாலே கிராண்ட் ஃபோர்க்ஸில் வெள்ளம் என்று கணக்கு.

இந்தக் கணிப்பை மக்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள்? குறைந்தது 47.5, அதிகபட்சம் 49. ஆனா அது குறைந்தபட்சமும் அதிகபட்சமும் கிடையாது. "இப்படி நடந்தால் இவ்வளவு, அப்படி நடந்தால் அவ்வளவு" என்ற இரண்டு நிலைமைகள், அவ்வளவுதான். எவ்வளவு தப்பாகப் போகலாம் என்பது அதில் எங்கேயுமே இல்லை.

இன்னொரு விஷயமும் சேர்ந்துகொண்டது. 1979ல் அதே ஊரில் ஆறு 48.8 அடி வரை வந்திருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அது ஞாபகம் இருக்கும். 48.8ஐச் சமாளித்த ஊருக்கு 49 என்றால் என்ன தோன்றும்? "அதே மாதிரிதான், ரெண்டு அங்குலம் கூட." தெரிந்த ஒரு பழைய எண்ணுக்குப் பக்கத்தில் புது எண் வந்து உட்கார்ந்ததும் பயம் போய்விட்டது.

நகர நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. 49க்கு மேல் இன்னும் மூணு அடி சேர்த்து, கரைகளை 52 அடிக்கு உயர்த்தினார்கள். லட்சக்கணக்கில் மணல் மூட்டைகள், பள்ளி மாணவர்கள் வரை வந்து அடுக்கினார்கள். யாரும் சோம்பேறித்தனம் பண்ணவில்லை. கொடுத்த எண்ணுக்கு முழு மனசோடு வேலை பார்த்தார்கள்.

நேட் சில்வர் என்ற புள்ளியியல் எழுத்தாளர் 'தி சிக்னல் அண்ட் தி நாய்ஸ்' என்ற புத்தகத்தில் இந்தக் கணக்கைப் பேசுகிறார். வானிலைத் துறையின் பழைய வெள்ளக் கணிப்புகள் எவ்வளவு தவறின என்பதை வைத்துப் பார்த்தால், 49 என்ற கணிப்பில் இரண்டு பக்கமும் சுமார் ஒன்பது அடி வரை பிசகு இருக்கலாம் என்கிறார். அதன்படி கரையை ஆறு தாண்ட ஏறத்தாழ 35 சதவீத வாய்ப்பு. மூணில் ஒன்றுக்கும் மேல்! ஏறப்போகும் விமானம் விழ மூணில் ஒரு வாய்ப்பு என்றால் யாராவது ஏறுவோமா?

ஏன் அவ்வளவு பிசகு? ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடினால் உயரம் எவ்வளவு வரும் என்பதற்கு ஒரு வரைகோடு வைத்திருப்பார்கள். பழைய வெள்ளங்களில் அளந்த புள்ளிகளை இணைத்து வரைந்தது அது. 1997ல் வந்த அளவுக்குத் தண்ணீரை அங்கே யாரும் அளந்ததே இல்லை. அதனால் கடைசிப் புள்ளிக்கு அப்புறம் கோட்டைக் கையால் நீட்ட வேண்டியதாகிவிட்டது. நம்ம துறையில் இருக்கிறவங்களுக்கு இது நல்லாப் புரியும். நூறு பேரை வச்சு டெஸ்ட் பண்ணின சர்வர் லட்சம் பேருக்கு எப்படி ஓடும்னு கோடு நீட்டிச் சொல்ற மாதிரி. நீட்டின இடத்தில்தான் புது விஷயங்கள் முளைக்கும். இங்கே பாலங்கள் ஓட்டத்தை மறித்ததும் அப்படித்தான்.

ஏப்ரல் 18

ஏப்ரல் நடுவில் கணிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த ஆரம்பித்தார்கள். 50, அப்புறம் அதுக்கும் மேல். ஒவ்வொரு அறிவிப்பு வரும்போதும் ஆறு ஏற்கனவே அதை நெருங்கிவிட்டிருந்தது. 18ஆம் தேதி கரைகள் விட்டுக்கொடுத்தன. முதலில் மூழ்கிய பகுதிகளில் ஒன்று ஆற்றின் வளைவில் இருந்த லிங்கன் டிரைவ். அப்புறம் ஊரின் மையப்பகுதி.

19ஆம் தேதி, தண்ணீரில் நின்றுகொண்டிருந்த கடைவீதியில் தீப்பிடித்தது. சுற்றி எங்கே பார்த்தாலும் தண்ணீர், ஆனா தீயணைப்பு வண்டி உள்ளே போக முடியாது. வீரர்கள் இடுப்பளவு பனித் தண்ணீரில் நின்று போராடினார்கள். 11 கட்டடங்கள் எரிந்தன. புயல்களுக்குப் பெயர் வைத்த ஹெரால்ட் நாளிதழின் கட்டடமும் அதில் ஒன்று. அந்த நாளிதழ் ஒரு நாள்கூட நிற்கவில்லை. வேறு ஊரில் அச்சடித்து, முகாம்களில் இருந்த மக்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் பொதுச் சேவைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது.

ஆறு கடைசியில் தொட்ட உயரம் 54.35 அடி. கணிப்பை விட ஐந்து அடிக்கு மேல், கரையை விட இரண்டு அடிக்கு மேல். இரண்டு ஊர்களிலுமாகச் சுமார் 50,000 பேர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். கிராண்ட் ஃபோர்க்ஸில் வெள்ளத்தால் உயிர்ச்சேதம் இல்லை என்பது பெரிய விஷயம். ஆனா பள்ளத்தாக்கு முழுவதும் சேர்த்து இழப்பு சுமார் 350 கோடி டாலர்.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இன்சூரன்ஸ். அங்கே வெள்ளக் காப்பீடு எடுத்தால் 30 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். அதாவது முடிவை மார்ச் மாதத்திலேயே எடுத்திருக்க வேண்டும். அப்போது கையில் இருந்த ஒரே தகவல் 49. கரை 52. "நமக்கு எதுக்கு?" என்று பெரும்பாலானவர்கள் எடுக்கவில்லை. மூணில் ஒரு வாய்ப்பு என்று யாராவது சொல்லியிருந்தால்? அந்தக் குடும்பங்கள் வேற முடிவு எடுத்திருக்கலாம். கரை இன்னும் உயர்ந்திருக்குமா, தெரியாது. ஆனா ஆல்பமும் பாத்திரமும் பேஸ்மென்ட்டிலிருந்து மாடிக்கு ஏறியிருக்கும்.

அதே ஆறு, வேற ஊர்

தண்ணீர் அதோடு நிற்கவில்லை. வடக்கே, கனடாவின் மனிடோபா மாகாணத்துக்குள் போனது. அங்கே வயல்கள் எல்லாம் மூழ்கி ஒரு ஏரி மாதிரி பரவியதால் அதற்கு 'ரெட் ஸீ' என்றே பெயர் வந்தது. அதன் பாதையில் இருந்தது பெரிய நகரமான வினிபெக்.

வினிபெக் 1950ல் ஒரு முறை மோசமாக மூழ்கியிருந்தது. அதற்குப் பிறகு மாகாண முதல்வராக வந்த டஃப் ராப்ளின், நகரத்தைச் சுற்றி 47 கிலோமீட்டருக்கு ஒரு கால்வாய் வெட்ட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1962ல் தொடங்கி 1968ல் முடிந்தது. செலவு 6.3 கோடி கனடிய டாலர். காசை மண்ணில் கொட்டுவதாகக் கிண்டல் செய்து, 'டஃப் வெட்டின சாக்கடை' என்கிற அர்த்தத்தில் பெயர் வைத்தார்கள்.

1997ல் அந்தச் சாக்கடைதான் நகரத்தைக் காப்பாற்றியது. அதை நம்பியும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. தண்ணீர் மேற்குப் பக்கமாகச் சுற்றி வரலாம் என்று தெரிந்ததும், சில நாட்களுக்குள் சுமார் 40 கிலோமீட்டர் நீளத்துக்கு மண்கரை எழுப்பினார்கள். அலை அடித்துக் கரை கரையக்கூடாது என்று பழைய ஸ்கூல் பஸ்களையும் கார்களையும் வரிசையாக முன்னால் நிறுத்தினார்கள். 8,500க்கும் மேற்பட்ட ராணுவத்தினர் வந்தார்கள். வினிபெக்கின் பெரும்பகுதி தப்பியது. ஆனா தெற்கே இருந்த செயின்ட் அகத் என்ற சின்ன ஊர் தப்பவில்லை. ஆற்றின் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ஊருக்குள், தண்ணீர் எதிர்ப்பக்க வயல் வழியாக வந்தது.

வினிபெக்கின் கணிப்பு துல்லியமாக இருந்ததால் அது பிழைக்கவில்லை. கணிப்பு தப்பினாலும் தாங்குகிற மாதிரி முப்பது வருஷம் முன்னாடியே இடம் விட்டு வைத்திருந்தார்கள்.

இன்னைக்கு

இப்போது அமெரிக்க வானிலைத் துறை ரெட் ரிவருக்கு ஒற்றை எண்ணோடு நிறுத்துவதில்லை. "இந்த வசந்த காலத்தில் இத்தனை அடியைத் தாண்ட இத்தனை சதவீத வாய்ப்பு" என்று படிப்படியாகக் கொடுக்கிறார்கள். கிராண்ட் ஃபோர்க்ஸ் ஆற்றங்கரை வீடுகளை விலை கொடுத்து வாங்கி இடித்து, அந்த இடத்தைப் பூங்காவாக விட்டுவிட்டது. லிங்கன் டிரைவ் இன்றைக்கு ஒரு பார்க். நிரந்தரக் கரைகளும் சுவரும் அதற்குப் பின்னால் தள்ளி நிற்கின்றன. 2009லும் 2011லும் ஆறு மறுபடி 49 அடியைத் தாண்டியது. பூங்கா மூழ்கியது, ஊர் மூழ்கவில்லை.

நான் இதிலிருந்து எடுத்துக்கிட்டது இதுதான். யாராவது ஒரு எண் சொன்னால், அது மழை அளவோ, ரிலீஸ் தேதியோ, ஆஸ்பத்திரியில் சொல்லும் ரிப்போர்ட்டோ, கூட இரண்டு கேள்வி கேளுங்க. "போன தடவை இப்படிச் சொன்னது எவ்வளவு தள்ளிப் போச்சு?" அப்புறம், "இது தப்பினா யாருக்கு நஷ்டம்?" எண் சொல்ற இடத்தில் நீங்க இருந்தா, கேட்கிறதுக்கு முன்னாடியே அந்த ரெண்டையும் சேர்த்துச் சொல்லிடுங்க. 'மக்கள் குழம்பிடுவாங்க, நம்ம மேல நம்பிக்கை போயிடும்'னு பயமா இருக்கும். 49னு தெளிவாச் சொன்ன பிறகு அந்த ஊர்ல மட்டும் நம்பிக்கை மிஞ்சிச்சா என்ன?

நான் இப்போ ஆபீஸ்ல "மூணுலேர்ந்து எட்டு நாள்"னு சொல்றேன். முகம் சுளிக்கிறாங்க. பரவாயில்ல. அந்த எட்டை வச்சு அந்த டீம் திட்டம் போட்டாங்கன்னா, அவங்களாவது வீட்டுக்குப் போய்த் தூங்குவாங்க.