பாட்டுக்குக் கூலி பத்து ஷில்லிங்!

தென்னாப்பிரிக்காவில், ஜோஹானஸ்பர்க் நகரில் ஓர் இசைத்தட்டுக் கம்பெனி. அங்கே தட்டுகளை அடுக்கிக் கட்டி அனுப்பும் வேலை பார்த்து வந்தார் ஒரு ஜூலு இளைஞர். பெயர் சாலமன் லிண்டா. பகலில் கூலி வேலை. ஓய்வு நேரத்தில் தோழர்களுடன் சேர்ந்து பாட்டு.

1939-ம் ஆண்டில், அதே கம்பெனியின் ஒலிப்பதிவு அறையில் அவர் ஒரு பாட்டுப் பாடினார். ‘ம்பூபே’ என்பது அதன் பெயர். ஜூலு மொழியில் ‘சிங்கம்’ என்று பொருள். சிறு வயதில் கன்று காலிகளை மேய்த்து, சிங்கத்தை விரட்டிய நினைவில் பிறந்த பாட்டு அது.

தட்டு அமோகமாக விற்றது. சுமார் 1,00,000 தட்டுகள் விலை போயின. பாட்டின் உரிமைக்காக லிண்டாவுக்குக் கிடைத்தது எவ்வளவு தெரியுமா? பத்தே பத்து ஷில்லிங்!

பாட்டு கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போயிற்று. 1961-ல் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்து ஓர் இளைஞர் குழு அதைப் பாடியது. அந்தத் தட்டு அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டே, 1962-ல், லிண்டா ஏழையாகவே கண்ணை மூடினார். அவருடைய புதைகுழிக்கு ஒரு கல் நாட்டக்கூடக் குடும்பத்தாரிடம் பணமில்லை. 1994-ல் வெளிவந்த ‘லயன் கிங்’ என்ற கார்ட்டூன் படத்திலும் அதே பாட்டு ஒலித்தது. உலகம் முழுவதும் குழந்தைகள் அதைப் பாடினார்கள்.

இது கற்பனைக் கதையல்ல, நடந்த சம்பவம். இத்தகைய சம்பவங்கள்தாம் இன்று உலகின் சில பல்கலைக் கழகங்களில் பாடம்!

பாட்டு கற்றுத் தரும் வகுப்பல்ல

‘உலகப் படைப்புக் கலைகளும் பண்பாட்டுத் தொழில்களும்’ என்பது அந்தப் பாடத்தின் பெயர். லண்டன் நகரில், பிரிட்டிஷ் கண்காட்சி சாலைக்குச் சமீபத்தில், கீழ்த்திசை மற்றும் ஆப்பிரிக்க ஆராய்ச்சிக் கல்லூரி இருக்கிறது. ‘சோயாஸ்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1916-ல் நிறுவப்பட்டது. ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் ஆளப் போகும் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அந்நாட்டு மொழிகளைக் கற்பிப்பது அன்று அதன் முக்கிய வேலைகளுள் ஒன்று. காலம் எப்படி மாறிவிட்டது, பாருங்கள்! அந்நாடுகளின் பாட்டும் படமும் கூத்தும் எப்படிச் சந்தைக்கு வருகின்றன, லாபம் யார் கைக்குப் போகிறது என்று ஆராயும் பாடத்தை ஏற்ற கல்வி நிலையங்களுள் அதுவும் ஒன்று. ஆஸ்திரேலியாவில், பிரிஸ்பேன் நகரிலுள்ள குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக் கழகம், 2001-ம் ஆண்டிலேயே இதற்கென்று ஒரு தனிப் பிரிவைத் தொடங்கியது.

சங்கீதக் கல்லூரியில் ராகம் கற்றுக் கொள்ளலாம். ஓவியப் பள்ளியில் தூரிகை பிடிக்கக் கற்றுக் கொள்ளலாம். இங்கே கற்பது வேறு. பாட்டு பிறந்த பிறகு அதற்கு என்ன நேர்கிறது? யார் அதைப் பதிவு செய்கிறார்கள்? யார் விற்கிறார்கள்? எந்தச் சட்டம் அதைக் காக்கிறது? எந்தச் சட்டம் கைவிடுகிறது? இவற்றுக்கு விடை தேடுவதே படிப்பு.

முதலில் வந்தது கண்டனம்

விந்தை என்னவென்றால், ‘பண்பாட்டுத் தொழில்’ என்ற சொல்லே கலை வியாபாரத்தைத் திட்டுவதற்காக உண்டானது. ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்கா போய்ச் சேர்ந்த இரு ஜெர்மன் அறிஞர்கள் அடோர்னோ, ஹார்க்ஹைமர் என்பவர்கள். ஹாலிவுட்டுக்கு அருகில் வசித்த அவர்கள் 1944-ல் ஒரு நூல் எழுதினார்கள். மோட்டார் கார் போலச் சினிமாவும் பாட்டும் தொழிற்சாலையில் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன. மக்களின் சிந்தனை மழுங்குகிறது என்பது அவர்களுடைய வாதம்.

ஐம்பது ஆண்டுகள் சென்றன. வசைச்சொல் வாழ்த்தாக மாறியது! 1998-ல் பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு பட்டியல் வெளியிட்டது. விளம்பரம், கட்டடக் கலை, கைத்தொழில், உடையலங்காரம், சினிமா, சங்கீதம், நாடகம், புத்தகப் பதிப்பு, ரேடியோ, டெலிவிஷன், கம்ப்யூட்டர் விளையாட்டு என்று 13 துறைகளைச் சேர்த்து, ‘படைப்புத் தொழில்கள்’ என்று பெயர் சூட்டியது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்ட நாட்டுக்கு, இனி மூளையும் கற்பனையும்தான் சுரங்கம் என்றார்கள்.

மாணவர் இரு கட்சியையும் படிக்க வேண்டும். எது சரி என்று அவரே தீர்மானிக்க வேண்டும்.

கார் பெரிதா, சினிமா பெரிதா?

தென் கொரியாவின் கதை இந்த வகுப்புகளில் வெகு பிரசித்தம். 1994-ல் அந்நாட்டு ஜனாதிபதிக்கு ஓர் ஆலோசனை அறிக்கை தரப்பட்டது. ‘ஜுராசிக் பார்க்’ என்ற ஒரே அமெரிக்கப் படத்தின் வருமானம், 15 லட்சம் கொரியக் கார்களை விற்பதற்குச் சமம் என்று அதில் சொல்லப்பட்டிருந்தது. நாடே திடுக்கிட்டது! 1999-ல் பண்பாட்டுத் தொழில் வளர்ச்சிக்கென்று தனிச் சட்டம் பிறந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, 2020-ல், ‘பாரசைட்’ என்ற கொரியப் படம் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசைத் தட்டிக் கொண்டு போயிற்று. ஆங்கிலம் அல்லாத ஒரு மொழிப் படம் அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை.

சர்க்கார் பணம் கொடுக்காமலே வளர்ந்த கதையும் உண்டு. அது நைஜீரியாவில். 1992-ல் லாகோஸ் நகரில் கென்னத் நெபுவே என்ற வியாபாரி, கையில் இருந்த வெற்று வீடியோ நாடாக்களை விற்பதற்கு ஒரு யுக்தி செய்தார். அவற்றில் ஒரு கதையைப் பதிவு செய்து விற்றார். கொட்டகை வேண்டாம், பெரிய முதலும் வேண்டாம். சந்தைக் கடையிலேயே படம் விற்பனை! அந்த வழியைப் பிறரும் பின்பற்றினார்கள். 2006-ம் ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்த ஐ.நா. கல்வி, கலாசார ஸ்தாபனமான யுனெஸ்கோ, ‘படங்களின் எண்ணிக்கையில் இந்தியாவுக்கு அடுத்தபடி நைஜீரியா’ என்று அறிவித்தது. இந்தியாவில் 1,091; நைஜீரியாவில் 872; அமெரிக்காவில் 485.

நோட்டில் வந்த ஓவியம்

1966-ல் ஆஸ்திரேலியா தன் நாணய முறையை மாற்றிப் புது நோட்டுகளை அச்சிட்டது. ஒரு டாலர் நோட்டின் பின்புறத்தில், பழங்குடி மக்களின் பாணியில் ஓர் ஓவியம் இடம் பெற்றது. யாரோ பெயரறியாத முன்னோர் வரைந்தது என்று அதிகாரிகள் நினைத்துக் கொண்டார்கள். ஆனால் அதை வரைந்தவர் உயிரோடிருந்தார்! டேவிட் மலாங்கி என்பது அவர் பெயர். மரப்பட்டையில், தம் குலத்து மூதாதையின் ஈமச் சடங்கை அவர் தீட்டியிருந்தார். தம்முடைய ஓவியம் தேசம் முழுவதும் கை மாறிக் கொண்டிருப்பது அவருக்கே தெரியாது.

விஷயம் வெளியே வந்ததும், ரிசர்வ் வங்கியின் தலைவர் அவருக்கு 1,000 டாலரும், ஒரு பதக்கமும், மீன் பிடிக்கும் சாதனங்களும் கொடுத்தார். தொகை சிறிதுதான். ஆனால், பழங்குடி ஓவியருக்கும் காப்புரிமை உண்டு என்று ஆஸ்திரேலியாவில் பேச்சு எழுவதற்கு அது காரணமாயிற்று.

பிரான்ஸில் இதே விவாதம் இன்னும் முன்பே எழுந்தது. மில்லே என்ற ஓவியர், வயலில் நின்று பிரார்த்தனை செய்யும் குடியானவத் தம்பதியைத் தீட்டினார். சொற்ப விலைக்கு விற்றார். அவர் காலமான பின், 1889-ல், அது 5,53,000 பிராங்குக்கு ஏலம் போயிற்று. ஓவியரின் குடும்பத்துக்கு ஒரு காசு இல்லை! இத்தகைய அநியாயங்களைக் கண்டு, 1920-ல் பிரான்ஸ் ஒரு சட்டம் செய்தது. ஓவியம் மறுபடி விற்கப்படும்போதெல்லாம், ஓவியருக்கோ வாரிசுகளுக்கோ ஒரு பங்கு தர வேண்டும். பிரிட்டனில் 2006-லும், ஆஸ்திரேலியாவில் 2010-லும் இத்தகைய சட்டம் அமுலுக்கு வந்தது.

இந்தியாவில் என்ன நிலை?

ஓவியருக்கு மறுவிற்பனையில் பங்கு என்ற விதி, 1994-ல் இந்தியக் காப்புரிமைச் சட்டத்திலும் சேர்க்கப்பட்டது. மறுவிற்பனை விலை 10,000 ரூபாய்க்கு மேற்பட்டால், நூற்றுக்குப் பத்து வரை பங்கு பெறலாம்.

சினிமாப் பாட்டின் கதை நீண்டது. காசு கொடுத்துப் பாட்டு எழுதி வாங்கும் தயாரிப்பாளரே அதன் முதல் உரிமையாளர் என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அப்போது நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர், பாடகருக்குச் சட்டத்தில் ஓர் இடமும் இல்லையே என்று தனியே குறிப்பு எழுதினார். 35 ஆண்டுகளுக்குப் பிறகு, 2012-ல், சட்டம் திருத்தப்பட்டது. சினிமாக் கொட்டகைக்கு வெளியே பாட்டு பயன்படும்போதெல்லாம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் சம பங்கு பெறலாம். அந்த உரிமையை அவர்கள் எழுதிக் கொடுத்தாலும் செல்லாது! வறுமையில் எவரும் பத்து ஷில்லிங்குக்குக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது என்பதே இதன் கருத்து.

கைத்தொழிலுக்குப் புவிசார் குறியீடு என்ற பாதுகாப்பு உண்டு. காஞ்சிபுரம் பட்டும், சுவாமிமலை வெண்கலச் சிலையும், தஞ்சாவூர் ஓவியமும் அதைப் பெற்றிருக்கின்றன. முத்திரையால் விலை ஏறினால், ஏறிய பணம் தறியில் உட்கார்ந்தவருக்குப் போகிறதா, கடையில் உட்கார்ந்தவருக்குப் போகிறதா? மாணவர் கேட்டுப் பழக வேண்டிய கேள்வி இதுதான்.

எந்திரமும் எழுதுகிறது!

2023-ம் ஆண்டு மே மாதம் 2-ந் தேதி, ஹாலிவுட் கதாசிரியர்கள் பேனாவைக் கீழே வைத்தார்கள். வேலை நிறுத்தம் 148 நாட்கள் நீடித்தது. சம்பளம் மட்டும் அல்ல பிரச்னை. மனிதன் எழுதியதைப் படித்துப் பழகிக் கொண்டு, கம்ப்யூட்டர் தானே கதை எழுதுகிறது. எழுத்தாளன் பிழைப்பது எப்படி என்று கேட்டார்கள். எந்திரத்துக்கு ஆசிரியர் என்ற பெயர் கிடையாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே பேனாவை எடுத்தார்கள். அடோர்னோவும் ஹார்க்ஹைமரும் எந்த ஊரில் உட்கார்ந்து எழுதினார்களோ, அதே லாஸ் ஏஞ்சல்ஸில்தான் இதுவும் நடந்தது.

படித்தால் பிழைப்பு உண்டா?

பெற்றோர் கேட்கும் கேள்வி இது. கேட்பது நியாயமே. கண்காட்சி சாலை, புத்தகப் பதிப்பகம், திரைப்பட விழா, நாடக அரங்கு, இசைக் கம்பெனி, காப்புரிமைச் சங்கம், சர்க்காரின் கலாசார இலாகா — இவையெல்லாம் இந்தப் படிப்பை முடித்தவர்கள் போய்ச் சேரும் இடங்கள். ஆனால் டாக்டர், இஞ்சினீயர் போல, பட்டம் வாங்கியதும் நாற்காலி காத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. லண்டனில் படிக்கச் செலவு மிக அதிகம். சம்பளமில்லாமல் பயிற்சி வேலை பார்க்க வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளே முன்னேற முடிகிறது என்ற குறை, அந்நாட்டிலேயே பலமாக எழுந்திருக்கிறது. கலைஞனுக்கு நியாயம் கேட்கும் படிப்பு, ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எட்டாத படிப்பாக இருக்கலாமா?

லிண்டாவின் பாட்டுக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். 2000-ல் ஒரு பத்திரிகையாளர் முழு விவரத்தையும் எழுதினார். பிறகு வக்கீல்கள் பழைய சட்டப் புத்தகங்களைப் புரட்டினார்கள். 1911-ம் ஆண்டு பிரிட்டிஷ் சாம்ராஜ்யச் சட்டத்தில் ஒரு விதி அகப்பட்டது. படைத்தவன் இறந்து 25 ஆண்டுகள் ஆனபின், விற்ற உரிமையும் வாரிசுகளுக்கே திரும்பும்! கணக்குப் பார்த்தால், 1987 முதல் அந்தப் பாட்டு லிண்டாவின் குடும்பத்துக்குச் சொந்தம். வழக்குப் போட்டார்கள். 2006-ல் சமரசம் ஏற்பட்டது. லிண்டாவின் பெயர் பாட்டில் ஏறியது. அவருடைய புதல்வியருக்குப் பணமும் கிடைத்தது.

பாடிய சிங்கம் போய்ச் சேர்ந்து 44 ஆண்டுகள் ஆகியிருந்தன. சட்டம் தெரிந்தவர் ஒருவர் 1939-லேயே பக்கத்தில் இருந்திருந்தால்? அப்படிப்பட்ட ஒருவரை உண்டாக்குவதற்குத்தான் இந்தப் படிப்பு.