நாலு சுவருக்குள்ளே நம் ஆரோக்கியம்



வீட்டு உள்ளமைப்பு என்றதும் சோபா, திரைச்சீலை, கண்ணாடி விளக்கு என்று பணக்காரர் வீட்டுச் சமாச்சாரமாக நினைக்கிறோம். அது மட்டும் இல்லீங்க. காற்று எந்த வழியாக வருகிறது, அடுப்புப் புகை எங்கே போகிறது, ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்க எவ்வளவு இடம் என்பதும் அதே விஷயம்தான்.

குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட் பக்கத்துப் பழைய லயங்களை நினைத்துப் பாருங்கள். முன்னால் அஞ்சடி, நடுவில் அறை, பின்னால் குசினி. அதற்குள்ளே பாட்டி முதல் கைப்பிள்ளை வரை. பல லயங்களில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. பக்கத்து வீட்டுப் புகையும் இருமலும் நம்ம வீட்டுக்குள்ளே வந்துவிடும். விறகுப் புகை நுரையீரலைக் கெடுக்கும். காற்றோட்டம் இல்லாத அறையில் காசநோய் சுலபமாகப் பரவும். தூக்கம் கெட்டவர் விடியற்காலை வேலைக்குப் போனால் கத்தி கை தவறும்.

இதைச் சரிசெய்வது முதலாளியின் கருணை அல்ல, கடமை. 1966-இல் தொழிலாளர் வீடுகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டம். தோட்ட வீடுகளுக்குப் போதுமான குழாய்த் தண்ணீரை இலவசமாகக் கொடுக்க வேண்டும், மின்சார வசதி வேண்டும், கட்டடத்தைப் பழுது பார்த்து வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது.

2019-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, மற்றத் தொழில்களின் தங்குமிடங்களுக்கும் விரிந்தது. 2020-இல் கொரோனா, நெருக்கடியான தொழிலாளர் விடுதிகளில் வேகமாகப் பரவியபோது அதன் அவசியம் எல்லாருக்கும் புரிந்தது. அந்த ஆண்டு வந்த விதிகளின்படி, பலர் சேர்ந்து படுக்கும் கூடத்தில் ஒருவருக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர், அதாவது சுமார் 32 சதுர அடி வேண்டும். ஆளுக்கொரு கட்டில், 4 அங்குல மெத்தை, தலையணை, போர்வை, பூட்டுப் போட்ட அலமாரியும் வேண்டும். தங்குமிடச் சான்றிதழ் இல்லாமல் ஆட்களைத் தங்க வைத்தால் 50,000 வெள்ளி வரை அபராதம்.

பூட்டுப் போட்ட அலமாரி சின்ன விஷயமா? ஊரிலிருந்து வந்த கடிதமும் சேர்த்த காசும் பத்திரமாக இருந்தால்தான் மனுஷன் நிம்மதியாகத் தூங்குவான். வங்காளதேசி, நேப்பாளி, இந்தோனேசியத் தோழர்களுக்கும் இதே உரிமை உண்டு. நம்ம தாத்தா பட்ட பாட்டை இன்று அவர்கள் படும்போது நாம் பார்த்துக்கொண்டு இருக்கலாமா?

செலவில்லாமல் நாமே செய்யக்கூடியதும் உண்டு. ஜன்னலை அலமாரியால் அடைக்காதீர்கள். அடுப்பு ஜன்னல் ஓரத்தில் இருக்கட்டும். வெளிச்சம் விழும் மூலையைப் பிள்ளையின் படிப்புக்கு ஒதுக்குங்கள். தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள். டிங்கிக் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

கூரை ஒழுகினால், சுவர் பிளந்தால், ஆட்களை நெருக்கி அடைத்தால், வாயால் முறையிட்டு விட்டுவிடாதீர்கள். தேதி போட்டு எழுதி, பலர் கையெழுத்திட்டு, மானேஜரிடம் ஒரு நகல், சங்கத்திடம் ஒரு நகல் கொடுங்கள். பதில் இல்லையென்றால் அடுத்த படி தொழிலாளர் இலாகா. உழைத்துக் களைத்த உடம்புக்கு நல்ல காற்றும் படுக்க இடமும் கேட்பது பிச்சை அல்ல!