கண்ணாடிப் பாட்டில் சரக்கும் லாரி பார்சலும்

நமது பில் புத்தகங்களின் அடியில் ஒரு வரி அச்சிட்டிருப்போம். "சரக்கு எங்கள் கடையை விட்டு வெளியேறிய பின் ஏற்படும் சேதத்திற்கு நாங்கள் பொறுப்பல்ல" என்பதே அது. தகப்பனார் காலத்து பில்லிலும் இருந்தது. இன்று கம்ப்யூட்டரில் எடுக்கும் பில்லிலும் இருக்கிறது. பருப்பு, சர்க்கரை, மிளகாய் வற்றல் என்று மூட்டைச் சரக்கு அனுப்பிய வரையில் இந்த வரியால் பெரிய தகராறு வந்ததில்லை. இப்போது தேன், நெய், ஊறுகாய், செக்கு எண்ணெய், ஜாம் என்று கண்ணாடிப் பாட்டிலில் போகும் சரக்கு நம்மிடம் அதிகம். மொத்த வியாபாரிக்கும் வெளியூர் மளிகைக் கடைக்காரருக்கும் மனக்கசப்பு வருவதும் பெரும்பாலும் இந்தச் சரக்கில்தான். உடைந்த பாட்டில் யார் கணக்கில் என்பதே கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெட்டியில் 24 பாட்டில், பாட்டில் 100 ரூபாய் என்றால் பெட்டி 2,400 ரூபாய். நூற்றுக்கு 4 ரூபாய் லாபம் என்று வைத்தால் பெட்டிக்கு நமக்கு 96 ரூபாய். ஒரே ஒரு பாட்டில் உடைந்து மாற்றுப் பாட்டில் கொடுத்தால், அதன் கொள்முதலும் 96 ரூபாய். பெட்டி லாபம் முழுவதும் தீர்ந்தது. உடைந்தது தேன் என்றால் மற்ற பாட்டில்களின் லேபிளும் கெட்டு, அவையும் விலை போகா. போதாக்குறைக்கு, வீணாகிப்போன சரக்கிற்கு எடுத்த உள்ளீட்டு வரி வரவை ஜி.எஸ்.டி. சட்டப்படி திருப்பியாக வேண்டும்.

சரி, பில்லில் உள்ள வரி நம்மைக் காப்பாற்றுமா? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 39ஆவது பிரிவு இதைப் பற்றியது. வாங்குபவருக்கு அனுப்பும்படி லாரிக்காரரிடம் ஒப்படைத்தாலே, மேலோட்டமாகப் பார்க்கையில் வாங்கியவரிடம் ஒப்படைத்ததாகத்தான் கணக்கு. இவ்வளவும் நமக்குச் சாதகம். ஆனால் அதே பிரிவு அடுத்தபடியாக, சரக்கின் தன்மைக்குத் தக்கபடி லாரிக்காரருடன் ஒப்பந்தம் செய்யும் பொறுப்பையும் அனுப்புகிறவர் தலையில் வைக்கிறது. அதைச் செய்யாமல் விட்டு வழியில் சேதமானால், அந்த ஒப்படைப்பை ஏற்க முடியாது என்று வாங்கியவர் சொல்லலாம், நஷ்டஈடும் கேட்கலாம். கண்ணாடிச் சரக்கை மூட்டைச் சரக்கு மாதிரி புக் செய்துவிட்டு, பில்லின் அடி வரியைக் காட்டுவது சரியான வழக்கு ஆகாது என்பதே நமது அபிப்பிராயம். நாமும் மொத்த வியாபாரிகள்தான். இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும்.

முதலில் பேக்கிங். பெட்டி எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. நம் கடையிலிருந்து சிறு வண்டி, வண்டியிலிருந்து புக்கிங் ஆபீஸ், அங்கிருந்து லாரி, நடுவழியில் வேறு லாரிக்கு மாற்றம், பிறகு டெலிவரி ஆபீஸ், மறுபடி ஒரு வண்டி, கடைசியில் கடை. ஒவ்வொன்றிலும் ஓர் ஏற்றம், ஓர் இறக்கம். சாலையின் குலுக்கலைவிட இந்த ஏற்ற இறக்கத்தில்தான் பெட்டி கீழே விழுகிறது. ஒருவர் தூக்க முடியாத கனம் என்றால் தொப்பென்று போடுவார்கள். மிகவும் லேசு என்றால் கையிலிருந்து கைக்கு வீசுவார்கள். 15 முதல் 20 கிலோ வரை உள்ள பெட்டியைத்தான் ஆட்கள் ஒழுங்காகத் தூக்கி ஒழுங்காக வைக்கிறார்கள்.

கண்ணாடி அழுத்தத்தைத் தாங்கும், கீறலைத் தாங்காது. பாட்டிலும் பாட்டிலும் உரசிக் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்தால், அடுத்த இடியில் அந்த இடத்தில் விரிசல் ஓடும். பழைய பாட்டிலைக் கழுவி மறுபடி நிரப்பும் உற்பத்தியாளரிடம் வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். பாட்டிலின் தோளிலும் அடியிலும் வெள்ளை வளையமாகத் தேய்ந்திருந்தால் அது ஏற்கெனவே பலம் குறைந்த பாட்டில். ஆகவே பெட்டிக்குள் ஒவ்வொரு பாட்டிலுக்கும் தனிக்கட்டம் தேவை. தடுப்பு அட்டை பாட்டிலின் தோளுக்கு மேல் வரும் உயரம் இருக்க வேண்டும். பாதி உயரத் தடுப்பு வைத்தால் அடியில் பிரிந்து நின்றாலும் தோளும் தோளும் முட்டிக்கொள்ளும். அடியில் ஓர் அட்டை, மேலே ஓர் அட்டை. மூடி ஒட்டியபின் பெட்டியைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் திறந்து மறுபடி கட்டுங்கள்.

முன்பெல்லாம் மரப்பெட்டியும் வைக்கோலும்தான். வைக்கோல் நல்ல மெத்தை, ஆனால் ஈரம் இழுக்கும், எலி வரும், பூச்சி வரும். பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணிப்பது மலிவு. நாலு மணி நேரக் குலுக்கலில் அது படிந்து, பாட்டில் ஆடத் தொடங்கும். பெட்டிக்கு 5 ப்ளை அட்டை போதும், அதன் அலை மடிப்பு நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். மழைக்காலத்தில் அட்டை ஈரம் குடித்துப் பாதி பலத்தை இழந்துவிடுவதால் ஐப்பசி, கார்த்திகையில் பிளாஸ்டிக் உறை போட்டு அனுப்புவது நலம். அடுக்கும்போது மூலைக்கு மூலை நேராக வரவேண்டும். செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி அடுக்கினால் பார்வைக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் பாரத்தைத் தாங்குவது பெட்டியின் மூலைதான், அந்த மூலை அடுத்த பெட்டியின் நடுவில் போய் அமர்ந்துவிடும்.

எண்ணெய் விஷயத்தில் இன்னொன்று. வெயிலில் லாரி நிற்கும்போது எண்ணெய் விரியும். கழுத்து வரை தளும்ப நிரப்பிய பாட்டில் உடையாவிட்டாலும் மூடியில் கசியும். அதற்கு இடம் விடாத சரக்கை உற்பத்தியாளரிடமே திருப்ப வேண்டும்.

பெட்டியின் நான்கு பக்கமும் கிளாஸ் படமும் மேல்நோக்கிய அம்புக்குறியும் போடுங்கள். "உடையும் பொருள்" என்று தமிழில் எழுதினால் மட்டும் போதாது, இன்று லாரி ஆபீஸ்களில் சுமை தூக்குகிறவர்களில் பலர் வடமாநிலத்தவர்.

பாட்டிலைவிட ஆயிரம் மடங்கு விலையுள்ள கண்ணாடியைக் கேமரா ஸ்டூடியோக்காரர்கள் அனுப்புகிறார்கள். லென்ஸை ரிப்பேருக்கு அனுப்பும்போது கேமராவிலிருந்து கழற்றி, இருபுறமும் மூடி போட்டு, பபிள் ஷீட்டில் சுற்றி, ஒரு சிறு பெட்டியில் அசையாமல் வைக்கிறார்கள். அந்தப் பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள், ஆறு பக்கமும் நாலைந்து சென்டிமீட்டர் மெத்தை விட்டு வைக்கிறார்கள். பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலமும் உள்ளே போகும். வெளியே மட்டும் லென்ஸ் என்றோ கேமரா என்றோ எழுதமாட்டார்கள், திருட்டுப் பயம். விலை உயர்ந்த குங்குமப்பூ, அத்தர் சீசா அனுப்பும் நம்மவர்கள் இந்தப் பெட்டிக்குள் பெட்டி முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது புக்கிங். 1865ஆம் ஆண்டின் பழைய சட்டத்திற்குப் பதிலாக வந்த 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2011 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி, கூடுதல் ரிஸ்க் கட்டணம் செலுத்தாத சரக்கிற்கு லாரிக்காரரின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்குதான். மேற்சொன்ன 2,400 ரூபாய்ப் பெட்டிக்கு வாடகை 100 ரூபாய் என்றால், பெட்டி முழுவதும் நொறுங்கினாலும் 1,000 ரூபாய்க்கு மேல் கேட்க வழியில்லை. ஆகவே எல்.ஆர். எழுதும்போது "மளிகைச் சரக்கு" என்று பொதுவாக எழுதவிடாமல், "கண்ணாடிப் பாட்டில்" என்று எழுதச் சொல்லி, மதிப்பையும் குறிப்பிட்டு, கூடுதல் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள்.

இன்ஷூரன்ஸ் எடுக்கிறவர்கள் பாலிசியின் வகையைப் பார்க்க வேண்டும். உள்நாட்டுப் போக்குவரத்துக்கு ஏ, பி, சி என்று ஷரத்துகள் உண்டு. சி என்பது தீ, மின்னல் வரையில்தான். பி எடுத்தால் லாரி கவிழ்ந்தால், மோதினால் கிடைக்கும். இறக்கும்போது விழுந்து உடைந்ததற்குக் கிடைக்காது. ஏ வகையிலும் பேக்கிங் போதாது என்று காட்டிவிட்டால் பணம் இல்லை.

பெறுகிற கடைக்காரர்களுக்கும் ஒரு வேலை உண்டு. எங்கள் மண்டியிலிருந்து ஊறுகாய்ப் பெட்டிகள் போன ஓர் ஊரில், மூலை நசுங்கி ஈரமாக வந்த பெட்டிக்கு, பண்டிகை நேர அவசரத்தில் "நல்ல நிலையில் பெற்றேன்" என்று கையெழுத்துப் போட்டு எடுத்துவிட்டார் ஒரு வாடிக்கையாளர். மூன்றாம் நாள் திறந்தார். ஏழு பாட்டில் உடைசல். அந்த லாரி ஆபீஸ் கையெழுத்தைக் காட்டிக் கைவிரித்தது. நஷ்டத்தை ஆளுக்குப் பாதியாக எழுதிக்கொண்டோம். நசுங்கல், ஈரம், வாடை எது இருந்தாலும் அவர்கள் முன்னிலையிலேயே திறந்து, போனில் படம் எடுத்து, டெலிவரி காப்பியில் எத்தனை உடைசல் என்று எழுதிவிட்டுக் கையெழுத்திட வேண்டும். வழக்குப் போடுவதற்கு முன் எழுத்து மூலம் நோட்டீஸ் தரவேண்டும், அதற்குக் கெடு புக் செய்த நாளிலிருந்து 180 நாள். டெலிவரி எடுத்த நாளிலிருந்து அல்ல. வாய்ப்பேச்சில் "பார்க்கலாம் அண்ணாச்சி" என்று இழுத்தடித்தே அந்தக் கெடு ஓடிவிடுகிறது.

நல்ல பெட்டிக்கும் தடுப்புக்கும் கூடுதல் ரிஸ்க் கட்டணத்திற்கும் ஆகும் செலவை யார் ஏற்பது என்பதில் சங்க உறுப்பினர்களிடையே இன்னும் ஒரு முடிவு இல்லை. பேக்கிங் செலவு அனுப்புகிறவருக்கும், ரிஸ்க் கட்டணம் பெறுகிறவருக்கும் என்று ஆர்டர் எடுக்கும்போதே பேசி, பில்லின் அடியில் அந்தப் பழைய வரிக்குப் பதிலாக இதை அச்சிடலாம் என்பது நமது யோசனை. அடுத்த கூட்டத்தில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லட்டும்.