அண்ணனுக்கு வராத சர்க்கரை

தாய்க்குச் சர்க்கரை அதிகம். ஆனால் பிறந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் பிள்ளைக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும். பிரசவ வார்டு செவிலியர்களுக்கு இது பழகிய விஷயம். குழந்தை கொழுகொழுவென்று நாலு கிலோவில் பிறந்திருந்தாலும், குதிகாலில் மெல்லக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். உடனே சீம்பால் கொடுக்கச் சொல்வார்கள்.

தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போகும். இன்சுலின் போகாது. ஆகவே வந்து குவியும் சர்க்கரையைச் சமாளிக்கும் பாரம் முழுக்கப் பிள்ளையின் பிஞ்சுக் கணையத்தின் தலையில் விழுகிறது. அது தன் சொந்த இன்சுலினை அள்ளிச் சுரக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்கு இன்சுலின் வளர்ச்சியைத் தூண்டும் பொருளும்கூட. அதனால்தான் தோளிலும் வயிற்றிலும் கொழுப்பு சேர்கிறது. தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். கணையம் மட்டும் பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950களில் முன்வைத்த விளக்கம் இது.

இந்தத் தாழ்வு பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும். ஆனால் அந்தப் பத்து மாதத்தை உடல் அவ்வளவு லேசில் மறப்பதில்லை.

இதைக் காட்டிக்கொடுத்தது அமெரிக்காவின் அரிசோனா. கீலா ஆற்றங்கரையில் பீமா பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்தவர்கள். குடியேறிகள் ஆற்று நீரை மேலேயே திருப்பிக்கொள்ள, வயல் காய்ந்தது, உணவு மாறியது. உலகிலேயே நீரிழிவு மிக அதிகமாக உள்ள சமூகங்களில் ஒன்றாக அவர்கள் ஆனார்கள். 1965 முதல் அங்கே ஆய்வு நடந்துவந்தது. 1988இல் வெளியான கணக்கைப் பார்த்தால் மனம் கனக்கிறது. நீரிழிவோடு கருவுற்றிருந்த தாய்மாரின் பிள்ளைகளில், 20 முதல் 24 வயதுக்குள் 45 சதவீதம் பேருக்கு நீரிழிவு. பிரசவத்துக்குப் பிறகே நோய் வந்த தாய்மாரின் பிள்ளைகளில் அது 8.6 சதவீதம். நோயே வராதவர்களின் பிள்ளைகளில் 1.4.

பரம்பரை என்று சொல்லிவிடலாமே? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஆய்வாளர் டானா டபேலியாவின் குழு ஓர் அழகான வழியைக் கண்டது. தாய்க்குச் சர்க்கரை வருமுன் பிறந்த அண்ணனையும், வந்தபின் பிறந்த தம்பியையும் ஒப்பிட்டார்கள். ஒரே வீடு, ஒரே வயிறு. 2000இல் வந்த முடிவின்படி, பின்னால் பிறந்தவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 3.7 மடங்கு. தகப்பனுக்குச் சர்க்கரை வந்த குடும்பங்களிலோ முன்னால் பிறந்தவருக்கும் பின்னால் பிறந்தவருக்கும் அப்படி வித்தியாசமே இல்லை. மரபணு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கருவறையும் தன் பங்குக்கு எதையோ எழுதி அனுப்புகிறது.

மூளை வளர்ச்சியைப் பற்றிய செய்தி இவ்வளவு நேரானதல்ல. கர்ப்பகால நீரிழிவுக்கும் ஆட்டிசத்துக்கும் சிறு தொடர்பு இருப்பதாகச் சில பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. அதுதான் காரணமா என்று நிரூபணமாகவில்லை. மைசூரில் இத்தகைய தாய்மாரின் பிள்ளைகளை ஒன்பது, பத்து வயதில் சோதித்தபோது, கற்றல், நினைவாற்றல் மதிப்பெண்கள் குறையவில்லை, சற்றுக் கூடுதலாகவே இருந்தன. அதே மைசூர் ஆய்வில், பெண் குழந்தைகளின் தோலடியில் ஐந்து வயதிலேயே கொழுப்பு அதிகம் சேர்ந்திருந்தது.

"இனிப்பா தின்னா, அதான்" என்று கர்ப்பிணியைப் பழிப்பது பெரும் அநியாயம். பிள்ளைக்குப் போதிய சர்க்கரை போய்ச் சேரவேண்டும் என்றே நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் தாயின் இன்சுலினின் வேலையை மட்டுப்படுத்துகின்றன. அதை ஈடுகட்ட அவள் கணையத்தால் முடியாமல் போகும்போது நோய் வருகிறது. பலருக்கும் உணவு மாற்றமும் நடையுமே போதும். சிலருக்கு மருந்தோ இன்சுலினோ தேவைப்படும். சிகிச்சை பிரசவ ஆபத்துகளைக் குறைக்கிறது. பிள்ளையின் பிற்காலப் பருமனையும் அது குறைக்கிறதா என்பதற்கு ஆய்வுகள் இன்னும் உறுதியான பதில் தரவில்லை.

முதலில் கண்டுபிடிக்க வேண்டுமே. பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் பஸ் ஏறி வரச் சொன்னால் எத்தனை கர்ப்பிணிகளால் முடியும்? சென்னை மருத்துவர் வி. சேஷய்யா பரிந்துரைத்த முறையில், சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை: 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை ரத்தம். சர்க்கரை டெசிலிட்டருக்கு 140 மில்லிகிராமைத் தொட்டால் கவனம் தேவை.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெஞ்சில், திகட்டும் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, குமட்டலை அடக்கிக்கொண்டு ஒரு பெண் காத்திருக்கிறாள். வயிற்றில் இருப்பது பெண் குழந்தையென்றால், ஐந்தாம் மாதத்துக்குள் அதற்குள்ளும் கருமுட்டைகள் உருவாகியிருக்கும். மூன்று தலைமுறை அந்த ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.