ஒரு கோடி கார் மூன்றரை கோடி ஆவது எப்படி? சொகுசு கார் வரியும் காரைக்கால் நம்பர் பிளேட்டும்!

குத்தாலம்: முகூர்த்த நாள் வந்துட்டா போதும். மயிலாடுதுறை - கும்பகோணம் மெயின் ரோட்டில் மாப்பிள்ளை அழைப்புக்கு பளபளன்னு வெளிநாட்டு கார்கள் வந்து நிற்கின்றன. டீக்கடையில் உடனே பேச்சு கிளம்பிடும். 'இது ஒரு கோடி இருக்கும்' என்பார் ஒருத்தர். 'போப்பா, மூணு கோடிக்கு மேல' என்பார் இன்னொருத்தர்.

ரெண்டு பேர் சொல்வதும் சரிதான்! வெளிநாட்டில் ஒரு கோடி மதிப்புள்ள ஸ்போர்ட்ஸ் கார், நம்ம ஊர் ரோட்டுக்கு வரும்போது ஏறக்குறைய மூன்றரை கோடி ஆகிவிடுகிறது. நடுவில் உள்ள இரண்டரை கோடியும் வரி. அந்த வரியில் இருந்து தப்பிக்க நடந்த கதைகள்தான் கோர்ட் வரைக்கும் போயிருக்கு.

கணக்கு இதுதான்

பெராரி, லம்போர்கினி மாதிரி ஸ்போர்ட்ஸ் கார்கள் இந்தியாவில் தயாராவது இல்லை. இத்தாலியில் முழுசா செஞ்சு கொண்டு வந்து இறக்குகிறார்கள். கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்த்து 40 ஆயிரம் டாலருக்கு மேல் மதிப்புள்ள காருக்கு சுங்க வரி 70 சதவீதம், அதற்கு மேல் செஸ் 40 சதவீதம். ரெண்டும் சேர்ந்து 110 சதவீதம். 2025 பட்ஜெட்டில் வரியைக் குறைச்சிட்டாங்கன்னு பேச்சு அடிபட்டது. ஆனால் ஒரு பக்கம் குறைத்ததை இன்னொரு பக்கம் செஸ் என்று சேர்த்ததால், மொத்தத்தில் பழைய 110 சதவீதமேதான்.

ஆக ஒரு கோடி ரூபாய் கார், துறைமுகத்தை விட்டு வெளியே வரும் முன்பே 2 கோடியே 10 லட்சம். அதன் மேல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம் (2025 செப்டம்பர் 22 முதல் இந்த ரேட்). இது 84 லட்சம். மொத்தம் 2 கோடியே 94 லட்சம்.

கடைசியாக ஆர்.டி.ஓ. ஆபீஸ். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரி உயர்ந்தது. 20 லட்சம் ரூபாய்க்கு மேல் உள்ள காருக்கு 20 சதவீதம். தோராயமா பார்த்தாலும் இதுவே 58 லட்சத்தைத் தாண்டும். கூட்டிப் பாருங்க... மூன்றரை கோடி! டீலர் லாபம், இன்சூரன்ஸ் எல்லாம் தனி.

அதே காரை உதிரி பாகமா கொண்டு வந்து இங்கே பூட்டினால் சுங்க வரி வெகுவாகக் குறையும். சென்னை அருகே மறைமலைநகர் பக்கம் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை 2007ல் திறக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இங்கிலாந்துடன் 2025 ஜூலை 24ல் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தப்படி, குறிப்பிட்ட எண்ணிக்கைக்குள் வரும் அந்நாட்டு கார்களுக்கு சுங்க வரி படிப்படியாக 10 சதவீதம் வரை இறங்க வழி செய்யப்பட்டுள்ளது.

கோர்ட்டுக்குப் போன ரோல்ஸ் ராய்ஸ்

ஜி.எஸ்.டி. வருவதற்கு முன் 'நுழைவு வரி' என்று ஒன்று இருந்தது. வெளியில் இருந்து தமிழ்நாட்டுக்குள் வரும் காருக்கு, 1990ம் ஆண்டு சட்டப்படி கட்ட வேண்டியது. 'வெளிநாட்டு காருக்கு ஏற்கனவே சுங்க வரி கட்டியாச்சே, இது வேறயா?' என்று பலர் வழக்கு போட்டார்கள். நடிகர் விஜய் 2012ல் இங்கிலாந்தில் இருந்து வாங்கிய ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட் காருக்கும் இப்படி வழக்கு போடப்பட்டது.

வெளிநாட்டு பொருளுக்கும் நுழைவு வரி உண்டு என்று 2017ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொன்னது. அதன் பிறகு 2021 ஜூலையில் விஜய் மனுவை தள்ளுபடி செய்த சென்னை ஐகோர்ட் நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம், ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் போட்டார். மேல்முறையீட்டில் அபராதத்துக்கு தடை கிடைத்தது. தனி நீதிபதி சொன்ன கடுமையான வார்த்தைகளும் 2022 ஜனவரியில் நீக்கப்பட்டன. ஆனால் வரி பாக்கியை கட்டுவதாக விஜய் தரப்பு ஒப்புக்கொண்டது.

2021 ஆகஸ்டில் நடிகர் தனுஷ் காருக்கும் இதே பிரச்சினை. பாதி வரி ஏற்கனவே கட்டியிருந்த நிலையில், மீதி 30 லட்சத்து 30 ஆயிரம் ரூபாயை 48 மணி நேரத்தில் கட்டச் சொன்னது கோர்ட். பெட்ரோல் போடும் பால்காரர் கூட லிட்டருக்கு லிட்டர் வரி கட்டுகிறார், அவர் விலக்கு கேட்டு கோர்ட்டுக்கு வருகிறாரா என்ற பொருளில் நீதிபதி அப்போது கேட்டது ஊரெல்லாம் பேசப்பட்டது.

தஞ்சாவூர் பக்கத்து லெக்சஸ்

நம்ம டெல்டாவுக்கும் ஒரு சொகுசு கார் கதை உண்டு. தஞ்சை விளாரைச் சேர்ந்தவர் சசிகலாவின் கணவர் ம.நடராசன். 1994ல் லண்டனில் இருந்து அவருக்காக வந்த புது லெக்சஸ் காரை, 1993 மாடல் பழைய கார் என்று காட்டி ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வரி ஏய்ப்பு நடந்ததாக சி.பி.ஐ. வழக்கு. பழைய கார் என்றால் மதிப்பு குறையும், மதிப்பு குறைந்தால் வரியும் குறையும். அதுதான் சூட்சுமம்.

2010ல் நடராசன் உள்பட 4 பேருக்கு தலா 2 ஆண்டு சிறை தண்டனை விதிக்கப்பட்டது. 2017 நவம்பரில் சென்னை ஐகோர்ட் அதை உறுதி செய்தது. கார் வந்து 23 வருஷம் கழித்து! 2018 மார்ச்சில் நடராசன் காலமானார்.

பி.ஒய். 02 ரகசியம்

நம்ம மாவட்ட கார்களுக்கு டி.என். 82. கும்பகோணத்துக்கு டி.என். 68. இதற்கு நடுவே பி.ஒய். 02 என்ற நம்பரோடு பெரிய கார்கள் போவதைப் பார்த்திருப்பீர்கள். அது காரைக்கால் பதிவு. காரைக்கால் நமக்கு பக்கத்து ஊர் மாதிரி இருந்தாலும், புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. அங்கே சாலை வரி தனி.

2017ல் கேரளாவில் இதுதான் பெரிய புயலைக் கிளப்பியது. அங்கே ஒரு கோடி ரூபாய் காருக்கு 20 லட்சம் வரி. புதுச்சேரியில் பதிவு செய்தால் அதில் சின்ன பங்கோடு முடிந்துவிடும். சினிமா பிரபலங்கள் சிலர் புதுச்சேரி முகவரி கொடுத்து பதிவு செய்ததாக புகார் எழுந்து விசாரணையும் நடந்தது.

காரைக்காலில் குடியிருக்கும் ஒருவர் பி.ஒய். 02 கார் வைத்திருப்பது அவர் உரிமை. அதில் தப்பே இல்லை. ஆனால் மோட்டார் வாகன சட்டப்படி ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அங்கே புது நம்பர் வாங்க வேண்டும். வரியும் கட்ட வேண்டும்.

பழைய சொகுசு கார் வாங்குவோர் கவனத்துக்கு...

இதில் நம்ம ஆட்களுக்கு என்ன சம்பந்தம் என்கிறீர்களா? கோடி ரூபாய் கார் பத்து வருஷம் ஓடினால் சில லட்சத்துக்கு கைமாறுகிறது. கல்யாண வாடகைக்கு விடலாம் என்று கடன் வாங்கி அதை எடுப்பவர் டிரைவர், மெக்கானிக் போன்றவர்கள்தான். பழைய ஓனர் ஏமாற்றிய வரி, சோதனையின் போது வண்டியை வைத்திருப்பவர் தலையில் வந்து விழும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.சி. புக்கை வாங்கிப் பாருங்கள். என்ஜின், சேசிஸ் நம்பர் வண்டியோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். பரிவாகன் வெப்சைட்டில் வண்டி நம்பரைப் போட்டால் வரி, பைனான்ஸ் விவரம் தெரியும். வெளி மாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ. கொடுக்கும் என்.ஓ.சி. இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டு நம்பருக்கு மாற்ற எவ்வளவு வரி வரும் என்று மயிலாடுதுறை ஆர்.டி.ஓ. ஆபீசில் முதலிலேயே கேட்டு விடுங்கள். சொந்த உபயோக வெள்ளை போர்டு காரை வாடகைக்கு விடக்கூடாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

60 ஆயிரம் ரூபாய்க்கு மொபட் வாங்கும் விவசாயத் தொழிலாளிக்கும் தமிழ்நாட்டில் சாலை வரி 10 சதவீதம், அதாவது 6 ஆயிரம் ரூபாய். அதைக் கட்டிய பிறகுதான் வண்டிக்கு நம்பரே கிடைக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.