இருட்டில் கைகொடுக்கும் சூரியப் பெட்டி!
வாங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

2023-ம் ஆண்டு டிசம்பர் 4-ந்தேதி. ‘மிக்ஜாம்’ புயல் மழை கொட்டித் தீர்த்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பல தெருக்களில் வெள்ளம் புகுந்தது. ஆபத்து நேராமல் இருக்க, வெள்ளம் சூழ்ந்த இடங்களில் மின்சாரத்தை நிறுத்தினார்கள். வீடுகள் இருளில் மூழ்கின. செல்போன்கள் ஓய்ந்தன.

இப்படிப்பட்ட நேரத்தில் உதவுவதுதான் ‘சூரிய ஜெனரேட்டர்.’ கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்களும் இதைத் தூக்கிச் செல்கிறார்கள்.

புகை இல்லை; சத்தம் இல்லை!

பெயர்தான் ஜெனரேட்டர். உண்மையில் இது ஒரு பேட்டரிப் பெட்டி. சூரியத் தகடு வெயிலை மின்சாரமாக மாற்றும். பெட்டி அதைச் சேர்த்து வைக்கும்.

பெட்ரோல் ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டவே கூடாது. அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. அதற்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர்கள் எழுந்திருக்காமலே போய்விடுவார்கள்! சூரியப் பெட்டியில் இந்த ஆபத்து இல்லை.

எவ்வளவு பெரிய பெட்டி?

கடைக்குப் போகும் முன் ஒரு காகிதத்தில் கணக்குப் போடுங்கள். சாமானின் ‘வாட்’ அளவை, ஓடும் மணி நேரத்தால் பெருக்குங்கள்.

30 வாட் பி.எல்.டி.சி. மின்விசிறி 8 மணி நேரம் ஓடினால் 240. 9 வாட் எல்.இ.டி. பல்பு 6 மணி நேரம் எரிந்தால் 54. மூன்று செல்போன்களுக்கு 45. பாட்டிக்கு மூச்சுத்திணறல் என்றால், நெபுலைசர் இரண்டு முறை வைக்க 40. மொத்தம் 379 வாட்-மணி.

500 வாட்-மணி பெட்டியில் சுமார் 425 தான் கையில் கிடைக்கும். மீதி, மாற்றும்போது வீணாகிவிடும். இந்தக் குடும்பத்துக்கு ஓர் இரவுக்கு அது போதும்.

பழைய மின்விசிறி 75 வாட் இழுக்கும். 8 மணி நேரத்துக்கு 600! பெட்டி விடியும் முன்பே தீர்ந்துவிடும். இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் பக்கம் போகவே வேண்டாம்.

மழையில் வெயில் ஏது?

100 வாட் தகடு, நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு 300 வாட்-மணி அளவு தரும். மேகம் மூடினால் அதில் சிறு பங்குதான் வரும். ஆகவே, புயல் எச்சரிக்கை வந்தவுடன் வீட்டு மின்சாரத்திலேயே பெட்டியை முழுதாக நிரப்பிவிடுங்கள். புயல் போனபின் வெயில் வரும். அப்போது தகடு கைகொடுக்கும்.

கவனம் தேவை!

‘லித்தியம் அயர்ன் பாஸ்பேட்’ பேட்டரியா என்று கேளுங்கள். அது பல ஆண்டு உழைக்கும். உத்தரவாதச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். வெள்ளம் எட்டாத உயரத்தில் வையுங்கள். வீட்டு வயரிங்கில் சொருகாதீர்கள். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிருக்கே ஆபத்து!

விலை பல ஆயிரம் ரூபாய். கணக்குப் பார்த்து வாங்கினால், அடுத்த புயலில் உங்கள் வீட்டு விளக்கு எரியும்!