'ஓகே' சொன்ன மெயில் எங்கே? - கஸ்டமர் மெயில்களைப் பத்திரப்படுத்த ஈஸி வழிகள்

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் சிறிய அச்சகம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கஸ்டமருக்கு டிசைனை மெயிலில் அனுப்புகிறார்கள். 'லோகோவைப் பெரிதாக்குங்கள்', 'போன் நம்பரை மாற்றுங்கள்' என்று நாலைந்து முறை மெயில் போய் வருகிறது. கடைசியாக, 'ஓகே, பிரின்ட் போடலாம்' என ஒற்றை வரியில் பதில். காலண்டர் டெலிவரியாகி இரண்டு மாதம் கழித்து, 'போன் நம்பர் தப்பு. இதற்கு நாங்கள் ஓகே சொல்லவே இல்லை. பணம் தர முடியாது' என்கிறார் கஸ்டமர்.

இப்போது அச்சகத்தைக் காப்பாற்றப்போவது அந்த ஒற்றை வரி மெயில்தான். ஆனால், ஆயிரக்கணக்கான மெயில்கள் குவிந்துகிடக்கும் இன்பாக்ஸில் அதை எங்கே போய்த் தேடுவது?

வீட்டிலிருந்தபடி தையல் ஆர்டர் எடுப்பவர், வெப்சைட் டிசைன் செய்யும் ஃப்ரீலான்ஸர், வரிக் கணக்கு தாக்கல் செய்து தருபவர் என எல்லோருக்கும் இதே நிலைமை வரலாம். கஸ்டமர் மெயில் என்பது வெறும் கடிதம் அல்ல. அதுவும் ஒரு கணக்குப் புத்தகம்தான்.

எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

ஜி.எஸ்.டி பதிவு செய்தவர்கள், கணக்கு ஆவணங்களை ஆண்டுக் கணக்கு தாக்கலுக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் போட்ட பில் என்றால், அந்த நிதியாண்டின் கெடு 2025 டிசம்பர் 31. அதிலிருந்து ஆறு வருடம் என்றால், 2031 டிசம்பர் வரை. அப்பீல், வழக்கு இருந்தால் இன்னும் நீளலாம். எனவே, பில், பர்ச்சேஸ் ஆர்டர், பேமென்ட் தொடர்பான மெயில்களை எட்டு வருடம் வைத்திருப்பது என்று முடிவு செய்துகொண்டால் குழப்பம் இல்லை.

வசூலுக்கும் இது உதவும். உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தி மற்றும் சேவை நிறுவனங்களுக்கு, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் அதிகபட்சம் 45 நாள்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ சட்டம். தாமதமானால் புகார் செய்யலாம். அப்போது ஆர்டர், பில், டெலிவரி விவரம் எல்லாம் கையில் இருக்க வேண்டும்.

ஆர்க்கைவ் வேறு, டெலிட் வேறு!

ஜிமெயிலில் 'ஆர்க்கைவ்' கொடுத்தால் மெயில் அழியாது. இன்பாக்ஸிலிருந்து மறைந்து 'ஆல் மெயில்' பகுதியில் இருக்கும். கஸ்டமர் அதற்குப் பதில் அனுப்பினால் மறுபடி இன்பாக்ஸுக்கே வந்துவிடும். டெலிட் செய்ததோ 30 நாள்களில் நிரந்தரமாகப் போய்விடும். வேலை முடிந்த ஆர்டர் மெயில்களை ஆர்க்கைவ் செய்யுங்கள். விளம்பர மெயில்களை மட்டும் டெலிட் செய்யுங்கள்.

ஒரு விஷயம் கவனம். ஆர்க்கைவ் செய்வதால் இடம் மிச்சமாகாது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி-யை ஜிமெயில், கூகுள் டிரைவ், கூகுள் போட்டோஸ் மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. குடும்ப போட்டோக்களால் அது நிரம்பிவிட்டால், புது ஆர்டர் மெயில் உங்களுக்கு வந்தே சேராது. தொழிலுக்குத் தனி மெயில் ஐ.டி வைத்துக்கொள்வது நல்லது.

பெயர் வாரியாக லேபிள்

* ஒவ்வொரு கஸ்டமருக்கும் ஒரு லேபிள், அதற்குள் நிதியாண்டு வாரியாகத் துணை லேபிள் போடுங்கள். அதற்கு மேல் பிரித்தால் பராமரிப்பதே தனி வேலையாகிவிடும்.

* ஜிமெயில் தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் ஐகானை அழுத்தி, கஸ்டமரின் மெயில் முகவரியைக் கொடுத்து 'ஃபில்டர்' உருவாக்கினால், அவரது மெயில்களுக்குத் தானாகவே லேபிள் விழும். அவுட்லுக்கில் இதற்குப் பெயர் 'ரூல்ஸ்'.

* புது ஆர்டருக்குப் பழைய மெயிலிலேயே பதில் போட்டு இழுக்காதீர்கள். ஆர்டர் எண்ணை சப்ஜெக்ட்டில் போட்டுப் புது மெயிலாகத் தொடங்குங்கள்.

* கஸ்டமர் போனிலோ வாட்ஸ்அப்பிலோ சம்மதம் சொன்னால், 'இன்று நீங்கள் சொன்னபடி இந்த டிசைனை அச்சுக்கு அனுப்புகிறோம்' என்று அன்றே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.

* அட்டாச்மென்ட்டை கம்ப்யூட்டரில் சேமிக்கும்போது '2025-04-12' என வருடத்தை முதலில் வைத்துத் தேதி, கஸ்டமர் பெயர், பில் எண் என்று பெயரிடுங்கள். ஃபைல்கள் தாமாகவே தேதி வரிசையில் நிற்கும்.

வெளியே ஒரு காப்பி

எல்லாம் ஒழுங்காக இருந்தும், அக்கவுன்ட் ஹேக் ஆனாலோ, முடங்கினாலோ மொத்தமும் போய்விடும். இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் அக்கவுன்ட்டை கூகுள் நீக்கவும் கூடும். எனவே, 'கூகுள் டேக்அவுட்' வசதியில் தேவையான லேபிள்களை மட்டும் தேர்வு செய்து டவுன்லோடு செய்யலாம். 'எம்பாக்ஸ்' வகை ஃபைலாக வரும் அதை, இலவச மென்பொருளான தண்டர்பேர்டில் இம்போர்ட் செய்து படிக்கலாம். கம்ப்யூட்டரில் அவுட்லுக் பயன்படுத்துபவர்கள் 'பி.எஸ்.டி' ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யலாம்.

தண்டர்பேர்டில் அக்கவுன்ட்டை இணைத்து வைத்திருப்பதையே பேக்கப் என்று நினைக்க வேண்டாம். வழக்கமான ஐமேப் இணைப்பில், ஜிமெயிலில் அழிப்பது இங்கேயும் அழிந்துவிடும். 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' பகுதிக்கு காப்பி செய்தால்தான் அது தனிப் பிரதி.

பேக்கப்பை எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் போட்டு, பாஸ்வேர்டு வைத்துப் பூட்டுங்கள். கஸ்டமரின் பான், ஆதார் நகல்கள் அதில் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

ஸ்கிரீன்ஷாட் போதுமா?

2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணங்களைக் கோர்ட்டில் காட்ட சான்றிதழ் கேட்கிறது. அந்த ஃபைல் மாற்றப்படவில்லை என்பதைச் சரிபார்க்க உதவும் 'ஹாஷ்' எண்ணும் அதில் இடம்பெற வேண்டும். ஆகவே, ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரிஜினலை அழித்துவிடாதீர்கள். பிரச்னை வரும் என்று தோன்றினால், மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் 'டவுன்லோடு மெசேஜ்' கொடுத்து, அனுப்பியவர், நேரம் உள்ளிட்ட விவரங்களுடன் முழு மெயிலையும் சேமியுங்கள். சான்றிதழ் விஷயத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

எங்கிருந்து தொடங்குவது?

பழைய மெயில்களை எல்லாம் உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினால் இரண்டாவது நாளே அலுத்துவிடும். நடப்பு நிதியாண்டில் அதிகம் ஆர்டர் தரும் ஐந்து கஸ்டமர்களுக்கு மட்டும் இன்று லேபிளும் ஃபில்டரும் போடுங்கள். வாரக் கடைசியில் 15 நிமிடம் ஒதுக்கி, முடிந்த ஆர்டர்களை ஆர்க்கைவ் செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்டு டிஸ்க்கில் காப்பி. பணம் இன்னும் வராத ஆர்டர் மெயில்களை மட்டும் ஆர்க்கைவ் செய்யாமல் இன்பாக்ஸிலேயே விட்டுவையுங்கள். யாருக்குப் போன் போட வேண்டும் என்பதை அதுவே தினமும் ஞாபகப்படுத்தும்!